பெருவிரல் துடக்கு

பிளேன்ரீயோடு பனங்கட்டி தந்ததற்கு நன்றி, ஐயா. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கோப்பைக்குள்ளேயே சீனியைக் கொட்டிக் கலக்கிவிடுவார்கள். எனக்கு அது ஒத்துவராது. பனங்கட்டியை ஒரு கடி கடித்துவிட்டு ஒரு மிடறு குடிக்க வேண்டும். கசப்பு வேறாகவும் இனிப்பு வேறாகவும் தெரிய வேண்டும். நான் எதையும் சுத்தமாகச் செய்கிற ஆள். என்னோடு வேலை செய்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பெயர் பரமேஸ்வரன். வவுனியாவில் ஓர் அறையில் தனியாக இருக்கிறேன். நம்முடைய கம்பனியின் ஒளியிழைக் கேபிள்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓமந்தைக்குத் தெற்கே உள்ளுக்குள் இருக்கிற பாலையடிக்குளத்துத் தொலைபேசிப் பெட்டியில் லைன் ஏன் இப்படி அடிக்கடி செத்து விழுகிறது என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். தூசிதான் காரணம், பெட்டி நிற்கிற வீட்டு முற்றத்துப் புழுதி உள்ளே போகிறது, ஆகவே பெட்டியைப் பள்ளிக்கூடப் பக்கம் மாற்ற வேண்டும் என்று எங்கள் மேற்பார்வையாளர் தவராசா உங்களுக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் சொன்னது பிழை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் நீங்கள் கூப்பிட முதல் நானாக வந்தேன்.

முதலில் தலைகளைப் பற்றிச் சொல்கிறேன். அது விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஒளியிழை என்பது தலைமுடி அளவுள்ள ஒரு கண்ணாடி நூல். அதற்குள்ளே வெளிச்சம் ஓடுகிறது. ஒரு நூலை இன்னொன்றோடு சேர்க்கிற இடத்தில் கனெக்டர் போடுகிறோம். எங்களுக்குள் அதைத் தலை என்போம். மின்சாரச் செருகிக்கு ஆண், பெண் என்று உண்டு. இதற்கு அப்படி இல்லை. இரண்டும் ஒரே சாதித் தலைதான். ஒரு சின்ன உறைக்குள் ஒன்று இந்தப் பக்கத்தாலும் மற்றது அந்தப் பக்கத்தாலும் போய் முகத்தோடு முகம் முட்டும். சரியாக இருந்துவிட்டால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சத்தம்தான்.

எந்தத் தலையைத் தெரிவு செய்வது என்பதில் புதியவர்கள் வடிவத்தைப் பார்த்துப் பயப்படுவார்கள். திருகிப் பூட்டுகிற வட்டத் தலை இருக்கிறது, தள்ளிச் செருகுகிற சதுரத் தலை இருக்கிறது. அதில் பிழை விடவே முடியாது. சதுரம் வட்டத்துக்குள் போகாது. பிழை விடுவது நிறத்தில். நீலத் தலையின் முகம் நேராகத் தீட்டியது. பச்சைத் தலையின் முகம் கொஞ்சம் சரிவாகத் தீட்டியது. திரும்பித் தெறிக்கிற வெளிச்சம் வந்த வழியே போய் மெஷினைக் குழப்பாமல் ஒதுங்கிப் போவதற்காக. ஆகவே நீலத்துக்கு நீலம், பச்சைக்குப் பச்சை. மாறிச் செருகினாலும் உள்ளே போகும். அதே ‘டக்’ சத்தமும் வரும். ஆனால் முகங்கள் விளிம்பில் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் இருக்கிற இடைவெளியில் வெளிச்சத்தின் பெரும்பங்கு செத்துவிடும். கல்யாணம் பேசுகிறவர்களுக்குச் சொல்வதானால், பொருந்தும், பொருத்தம் இல்லை.

இன்னொரு விஷயம். தலையின் முகத்தில் விரல் படக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்குப் போதும், வெளிச்சம் மங்கிவிடும். யாராவது தொட்டுவிட்டால் எங்கள் ஆட்கள் “துடக்குப் பட்டுட்டுது, துடை” என்பார்கள். செத்த வீட்டில் துடக்கு என்று சொல்லி யாரும் கை நனைக்காமல் போவார்களே, அந்தத் தீட்டுத்தான். மனிதருக்கு முப்பத்தொரு நாள், தலைக்கு ஸ்பிரிட் தோய்த்த ஒரு துடை. இப்படிச் சொல்லிச் சிரிப்போம்.

பாலையடிக்குளத்துப் பெட்டியைச் சமாதான காலத்தில் நான்தான் நாட்டினேன். கனகலிங்கம் அண்ணையின் வளவு மூலையில் இடம் தந்தார்கள். அவர் நெல்லு விதைக்கிறவர். அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர்கள். அவருடைய மனைவி சிவலட்சுமி அக்கா றோட்டுப் பக்க அறையில் ஒரு கொமினிகேசன் கடை போட்டிருந்தார். ஊரே அங்கே வந்துதான் வெளிநாட்டுக்குக் கதைக்கும். பெட்டி சூரியத் தகட்டில் ஓடியது. அந்தச் சந்துக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. கண்ணாடி நூலுக்குள் வெளிச்சம் ஓடுகிறது என்று நான் விளங்கப்படுத்தினபோது கனகலிங்கம் அண்ணை வயிறு குலுங்கச் சிரித்தார்.

“எங்கட வீட்டுக்குக் கறண்ட் இல்லை, ரெலிபோனுக்கு மட்டும் லைட் ஓடுதோ? அப்ப நாங்கள் அதுக்குள்ளை போய்த்தான் குடியிருக்க வேணும், தம்பி.”

அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் வெளியிலிருந்து வருகிற கேபிளின் முடிவு பச்சைத் தலை. மெஷினின் வாய் நீலம். ஆகவே இரண்டையும் இணைக்கிற துண்டு வயர் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் நீலமுமாக இருக்க வேண்டும். அந்த நேரம் களஞ்சியத்தில் அது இல்லை. இரண்டு பக்கமும் நீலமாக இருந்த வயர்தான் இருந்தது. ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதைப் போட்டேன். ஊர் அன்றைக்கே கதைக்கத் தொடங்கிவிட்டது. இது உண்மையான தவறு, ஐயா, இதில் கள்ளம் இல்லை.

அந்த வயரோடு லைன் விழுவதும் எழும்புவதுமாக இருந்தது. பெட்டி தகரம். வெயில் ஏற உள்ளே சூடேறும். தட்டுத்தடுமாறி ஓடிக்கொண்டிருந்த வெளிச்சம் மதியத்தோடு விழும். வவுனியாவில் எங்கள் அறையில் சிவப்பு விளக்கு எரியும். தவராசா என்னை அனுப்புவார். நான் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேரப் பின்னேரமாகிவிடும். கடை வாசலில் சனம் நிற்கும். கட்டாரிலிருந்து மகன் எடுப்பான் என்று ஒரு தாய், கொழும்பில் லொட்ஜில் நிற்கிற மனுசிக்குக் கதைக்க ஒருவர். குளக்கட்டில் என் மோட்டார் சைக்கிளைக் கண்டதும் கனகலிங்கம் அண்ணை கடைக்குள் பார்த்துக் கூப்பிடுவார்.

“லைட் வந்திட்டுது.”

பெட்டியைத் திறந்து, தலையைக் கழற்றித் துடைத்து, திரும்பச் செருகுவேன். டக். கடைக்குள் மணி அடிக்கும். சனம் ஆரவாரப்படும். சிவலட்சுமி அக்கா கதிரை கொண்டுவந்து போட்டு, பிளேன்ரீயும் பனங்கட்டியும் தருவார். “தம்பி வராட்டி நாங்கள் இருட்டுக்குள்ளைதான்” என்பார். ஒரு வீடு ஒருவனுக்காகக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. என் சகோதரங்கள் எல்லாரும் வெளிநாட்டில். நான் அறைக்குத் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. அந்தக் கதிரையில் இருக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீங்கள் நினைக்கிற மாதிரியான விஷயம் இல்லை. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன்.

பச்சை-நீல வயர் பிறகு கொழும்பிலிருந்து வந்தது. அதை என் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை.

ஒருநாள் தவராசா தானே அளக்கிற கருவியோடு வந்து பார்த்துவிட்டு, “உனக்குக் கண் தெரியாதோ, நீலத்தைக் கொண்டுபோய்ப் பச்சைக்குள்ளை குத்தி வைச்சிருக்கிறாய்” என்று சனத்துக்கு முன்னால் பேசினார். அவர் பார்த்துக்கொண்டிருக்கச் சரியான வயரைப் போட்டேன். அதன் பிறகு லைன் விழவே இல்லை. மழை வந்தது, வெயில் வந்தது, விழவில்லை. அந்த ஊருக்குப் போக எனக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. ஒருநாள் சும்மா போனேன். கூரையில் சோறு போட்டால் ஆயிரம் காகம். கடை நிறையச் சனம். அக்கா என்னைக் கண்டு, “இருங்கோ தம்பி, ஆக்கள் நிக்கினம்” என்றார். வாசல் பலகை வாங்கிலில் இருந்தேன். கனகலிங்கம் அண்ணை வயலுக்குப் போயிருந்தார். கடை மூடும் வரைக்கும் யாருக்கும் என் ஞாபகம் வரவில்லை. எழும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் அழுகை வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த முறை, பெட்டியைப் பரிசோதிக்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு போனேன். சரியான வயர், சரியான நிறம். பச்சைத் தலையைக் கழற்றினேன். காலையில் வைத்த தேங்காயெண்ணெய் தலைமயிரில் இருந்தது. பெருவிரலால் மயிரை ஒருமுறை தடவி, அந்த விரலைத் தலையின் முகத்தில் வைத்தேன். அழுத்தவில்லை. குழந்தையின் நெற்றியில் திருநீறு வைக்கிற அளவுதான். பிறகு செருகினேன். டக்.

சில நாளில் லைன் விழுந்தது. நான் போனேன். கதிரை வந்தது, பனங்கட்டி வந்தது, லைட் வந்திட்டுது என்ற சொல்லும் வந்தது. யாருக்கும் நட்டம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அரை நாள் கதைக்காமல் இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. திரும்பி வரும்போது அடுத்த துடக்கை வைத்துவிட்டு வருவேன். பழகிவிட்டது.

இனி நீங்கள் கேட்க விரும்புகிற நாளுக்கு வருகிறேன். அது இரண்டாயிரத்து ஏழு. சண்டை திரும்பத் தொடங்கி, கைத்தொலைபேசி எதுவும் வேலை செய்யாத காலம். பாலையடிக்குளத்துக்கு எங்கள் லைன் ஒன்றுதான் இருந்தது. மதியத்துக்கு முன்னமே சிவப்பு விளக்கு எரிந்தது. தவராசா, “பாலையடி விழுந்திட்டுது, உடனை வெளிக்கிடு” என்றார். நான் வெளிக்கிட்டேன். ஆனால் முதலில் சலூனுக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் ஆட்கள் இருந்தார்கள், இருந்து முகம் வழித்துக்கொண்டேன். அறைக்குப் போய் சேர்ட் மாற்றினேன். பசித்திருந்தால்தான் சோறு ருசிக்கும். கொஞ்சம் காத்திருந்தால்தான் நான் போகிறபோது அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இதில் பிழை இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அன்று காலமை கனகலிங்கம் அண்ணை மடை திறக்கக் குனிந்திருக்கிறார். கையில் நாகம் தீண்டிவிட்டது. ஊரில் இருந்த ஒரேயொரு ட்ராக்டர் நெல்லோடு ஆலைக்குப் போயிருந்தது. ஓமந்தைச் சந்தியில் நிற்கிற வான்காரருக்கு ஒரு சொல் சொன்னால் அவர் உடனே வந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போவார். அந்த ஊரில் எல்லா நோய்க்கும் அப்படித்தான். வயலிலிருந்து தூக்கி வருகிறபோதே கடையில் ரிசீவரை எடுத்திருக்கிறார்கள். லைன் செத்திருந்தது. சைக்கிளில் ஏற்றுவோம் என்று சிலர் சொன்னார்களாம். அண்ணைதான் வேண்டாம் என்றாராம். ஆட்டினால் விஷம் கெதியாக ஏறும் என்பது எல்லாரும் அறிந்தது.

“லைன் விழுந்தா அந்தத் தம்பி வந்திடும். இப்ப லைட் வந்திடும்.”

அவர் சொன்னதை எனக்குப் பிறகு பலர் சொன்னார்கள். அவர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் மாறி ஒருவர் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார்கள். கண் இமை தொங்கி, கதை குழறத் தொடங்கிய பிறகுதான் ஒரு சைக்கிளில் ஏற்றியிருக்கிறார்கள்.

குளக்கட்டில் அவர்களை எதிரே கண்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஓட்டுகிறவரின் முதுகோடு சேர்த்து அண்ணையைச் சீலையால் கட்டியிருந்தார்கள், ஆனால் அந்த ஆள் மிதிக்கவில்லை, மற்றவர்கள்தான் தள்ளினார்கள். அண்ணையின் முகத்தை மூடி ஒரு துவாய் கிடந்தது. அவசரம் முடிந்த நடை அது; வீட்டுக்குத் திரும்பவும் யாருக்கும் தோன்றவில்லை போல. சிவலட்சுமி அக்கா பின்னால் வெறுங்காலோடு வந்தார். என்னைக் கண்டு நின்றார். என் வழித்த முகத்தையும் வெள்ளைச் சேர்ட்டையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“தம்பி, கெதியாப் போய் லைனைச் சரி பண்ணுங்கோ. பிள்ளைக்குச் சொல்ல வேணும்.”

மகள் பிரியந்தினி வவுனியாவில் படித்துக்கொண்டிருந்தாள். நான் போனேன். கடையில் யாரும் இல்லை. ரிசீவர் கீழே தொங்கிக்கொண்டு கிடந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து, என் விரலின் பிசுக்கை நானே துடைத்தேன். செருகினேன். டக். அப்போது என் முதுகுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது.

“லைட் வந்திட்டுது.”

திரும்பிப் பார்த்தேன். வேம்பு மட்டும்தான் நின்றது. அந்த லைனில் போன முதல் கதை சாவுச் செய்தி. அதையும் நான்தான் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன், அக்காவால் முடியவில்லை.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று பல நாள் எனக்குள் சொல்லிப் பார்த்தேன். பாம்பை நான் அனுப்பவில்லை. ட்ராக்டரை நான் ஆலைக்கு அனுப்பவில்லை. சரிதான். ஆனால் அன்றிலிருந்து எங்கே எந்தத் தலையைச் செருகினாலும், நெளுக்குளத்திலோ செட்டிகுளத்திலோ, சத்தத்துக்குப் பிறகு அந்தச் சொல் கேட்கிறது. குரலில் கோபம் இல்லை. பழைய மாதிரியே சந்தோஷமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இந்த விரலைப் பாருங்கள். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்துத் தோல் வெளுத்து உரிந்துவிட்டது.

செத்த வீட்டுத் துடக்கு முடிய முதல், லைன் பார்க்க என்று போனேன். அண்ணையின் படத்துக்கு முன்னால் அக்கா பின்னேரம் பின்னேரம் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வைப்பார். அண்ணைக்கு அது பிடிக்கும். என்னைக் கண்டதும் தேத்தண்ணி போடக் குசினிப் பக்கம் எழும்பப் போனவர், நின்றுவிட்டார்.

“இப்ப இஞ்சை ஒருத்தரும் வாய் நனைக்கிறேல்லை, தம்பி. துடக்கு.”

“நான் துடக்குப் பாக்கிறதில்லை, அக்கா” என்றேன்.

அவர் அழுதார். ஊரில் யாருக்கும் இல்லாத மனசு எனக்கு இருக்கிறது என்றார். எனக்கென்று தேத்தண்ணி போட வேண்டாம் என்று சொல்லி, படத்துக்கு வைத்திருந்த கோப்பையை எடுத்துக் குடித்தேன். ஆறியிருந்தது. யாரும் குடிக்காமல் கொட்டுவதைவிட அது மேல் என்று நினைத்தேன்.

அன்றைக்குத்தான் அவர் கேட்டார்.

“அண்டைக்கு ஏன் தம்பி லைன் நிண்டது?”

ஏதாவது சொல்ல வேண்டுமே. “தூசி, அக்கா” என்றேன்.

அவர் முற்றத்தைப் பார்த்தார். பிறகு, “அண்டைக்குக் காலமை நான்தான் முத்தம் கூட்டினனான்” என்றார். “பெட்டியடியையும் நல்லாக் கூட்டினனான். புழுதி எழும்பினது. நான் கண்டனான்.”

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன் என்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் என் கையைப் பிடித்து, இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிடாதேயுங்கோ என்று கேட்டார். அந்த வீட்டில் எனக்கும் ஒரு இரகசியம் தந்திருக்கிறார்கள். நான் தலையாட்டினேன்.

அதன் பிறகு அவர் முற்றம் கூட்டுவதில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம். வேப்பஞ் சருகு கணுக்கால் அளவு கிடக்கிறது. விளக்குமாற்றை எடுத்து வேலிக்கு வெளியே எறிந்துவிட்டார். யாராவது கூட்ட வந்தால் கத்துவார். ஊர் அவருக்கு மூளை பிசகிவிட்டது என்கிறது. இல்லை. தன் கையால்தான் புருஷன் செத்தார் என்று நம்புகிற ஒருவர் அப்படித்தான் இருப்பார். நான் சருகுக்கு மேலால் நடந்து போய்ப் பெட்டியைத் திறக்கிறேன், சரசரவென்று சத்தம் கேட்டு அவர் கதிரையோடு வெளியே வருகிறார்.

அதற்குப் பிறகும் தொட்டாயா என்று கேட்கிறீர்கள். ஓம், தொட்டேன். அண்ணை செத்து ஒரு ஆண்டு வரைக்கும் தொடவில்லை. அப்போதெல்லாம் லைன் நன்றாக இருந்தது. ஆனால் பிரியந்தினி மதியத்தில் எடுத்து, “அம்மா, கடையைப் பூட்டிப்போட்டு என்னோடை வந்திடுங்கோ” என்று நச்சரிக்கத் தொடங்கினாள். அக்கா யோசிப்பதாக என்னிடம் சொன்னார். அந்த வீட்டை விட்டுப் போனால் அண்ணையின் படத்துக்கு யார் தேத்தண்ணி வைப்பார்? அக்காவின் நல்லதுக்காகத்தான். கொஞ்சமாகப் பூசி, வெயில் சூட்டோடு மதியத்தில் மட்டும்தான் விழும்படி செய்தேன். அந்தப் பிள்ளை எடுக்கிற நேரம் அது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டியில் தூசி இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. கனகலிங்கம் அண்ணை செத்த அன்றும் இல்லை, இப்போதும் இல்லை. இருந்தது என் பெருவிரல். தவராசா தலையின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற தன் குழல் கண்ணாடியில் பார்த்து எண்ணெய்த் திட்டு என்று கண்டுபிடித்தாலும், அது யாருடைய விரல் என்று சொல்ல அவரால் முடியாது; அவ்வளவு சின்ன முகத்தில் ரேகை அடங்காது. நானாகச் சொன்னால்தான் உண்டு. அக்காவின் மேல் பழி வரக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

அப்படியென்றால் அதை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பது நியாயம்தான். போன கிழமை அதற்காகத்தான் போனேன். அவர் இரண்டு கோப்பை கொண்டுவந்தார், ஒன்று படத்துக்கு, ஒன்று எனக்கு. இரண்டும் சூடாக இருந்தன. பனங்கட்டியை உடைத்துப் பெரிய துண்டை என் பக்கம் வைத்தார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? நீங்களும் சொல்ல வேண்டாம், ஐயா. பாவம், தாங்கமாட்டார்.

பெட்டியை மாற்றுகிற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அது அங்கேயே நிற்கட்டும். முற்றத்தை நான் போய்க் கூட்டிக்கொள்கிறேன்.